மின்னல் அண்ணன் முழுங்கிய விதைகள்

அவர் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு முதன்முதலில் வந்தபோது, அவருக்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிட்டது. காலை எட்டு மணி. வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைத் தூக்கினார்கள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். இடுப்பில் கழற்ற மறந்த பிளாஸ்டிக் ஏப்ரன். இரண்டு முன்கையிலும் மீன் செதில்கள் ஜரிகை மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்று பூட்ஸைக் கழற்றி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, மூளைக்குப் போற எண்ணெய் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். என் ரத்தத்துலதான் பாருங்க. ஆனா பரிட்சை எனக்கில்ல, என் பொண்ணுக்கு.”

நான் எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. உயிர்வேதியியல். ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் படித்த படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல இடம் கிடைத்தால் நான் விடுவதில்லை, இங்கேயும் விடவில்லை பாருங்கள். ஆனால் வேலையில் சேர்ந்த இரண்டு வருடமாக “கையை நீட்டுங்க, விரலை மடக்குங்க, பஞ்சை அழுத்திப் பிடிங்க” என்ற மூன்று வாக்கியத்தைத் தவிர அந்தப் படிப்புக்கு வேலையே இல்லை. எல்லாரும் சர்க்கரைக்கு வருகிறவர்கள். அப்படி இருக்கும்போது ஒருவர் வந்து மூளைக்குப் போகிற எண்ணெயைக் கேட்டால்! எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அப்படி ஒரு பரிசோதனை உண்டு. சிவப்பணுக்களின் தோலில் ஒமேகா மூன்று கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். எங்கள் கூடத்தில் அதற்குக் கருவி கிடையாது; ரத்தத்தை எடுத்து வேறு ஊருக்கு அனுப்பிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். சொன்னேன். “பத்து நாள்தானே?” என்று கையை நீட்டினார். ஊசியை எடுத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மீன் வெட்டுறவரா இருக்கீங்க, ரத்தத்தைப் பார்க்கப் பயமா அண்ணே?”

“இருபத்திரெண்டு வருஷமா கத்தி பிடிக்கிறேன். அடுத்தவன் ரத்தம்னா பரவாயில்ல தம்பி. சொந்த ரத்தம்னா கொஞ்சம் சிரமம்.”

சுவரைப் பார்த்தபடியே கதையைச் சொல்லி முடித்தார்.

மீன் சந்தையில் பதினோராம் எண் கடை அவருடையது. முன்னால் தராசோடு மனைவி நிற்பார், பின்னால் கட்டையோடு இவர் நிற்பார். வாங்கியவர் பையை உதறி விரிப்பதற்குள் மீன் துண்டு துண்டாக ரெடியாக இருக்கும். அதனால் சந்தையில் அவருக்குப் பெயர் மின்னல். ஒரே மகள், பத்து வயது. விடுமுறை நாள் ஒன்றில் கடைக்கு வந்தவள், தொட்டியில் உயிரோடு கிடந்த ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதை அரைமணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு மீனைத் தள்ளி வைத்தாள். அடுத்த வாரம் கறி. அப்புறம் முட்டை, பால்.

“அழல, பிரசங்கம் பண்ணல. ‘எனக்கு வேணாம்பா’ன்னு மட்டும்தான் சொன்னா. அதான் தம்பி பயமா இருக்கு. அழுதா சமாதானப்படுத்திடலாம். தெளிவா சொல்ற புள்ளைய என்ன பண்றது?”

அவர் மனைவி மூன்று வாரம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். நான்காவது வாரம் கடைக்கு வந்த நர்ஸ் ஒருவர், மீனில் இருக்கும் கொழுப்புதான் வளரும் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது என்று சொல்லிவிட்டுப் போக, வீட்டில் வெடித்துவிட்டது.

“ஊர்ல இருக்கிற புள்ளைங்க மூளைக்கெல்லாம் நான் நிறுத்துப் போடறேன். எம்புள்ள மூளை மட்டும் பட்டினி கிடக்கணுமா?”

அந்தக் கேள்வி நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. ஆனால் இன்னொன்றையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் சாப்பாட்டு மேசையின் கடைசியில் மகள் தன் தட்டைத் தனியாகத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஒருநாள் இவர் தன் தட்டிலிருந்த மீனை மனைவி தட்டில் போட்டுவிட்டு, மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“எனக்கு மீன்மேல கோபமும் இல்ல, பரிதாபமும் இல்ல. அது என் பொழப்பு. ஆனா ஒரு புள்ள சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி ஓரமா உட்கார்ந்து சாப்பிடக் கூடாது தம்பி.”

இப்படித்தான் பேரம் படிந்தது. மகள் கையில் ஊசி குத்த அம்மா விடமாட்டாள். அப்பாவும் இனிமேல் அதே செடி கொடிதானே சாப்பிடப் போகிறார்? அவர் ரத்தம் சாட்சி சொல்லட்டும். எண் தாங்கினால் மகள் இஷ்டம். இறங்கினால் இரண்டு பேர் தட்டிலும் மீன், மறுபேச்சு இல்லை.

முதல் எண் வந்தது: ஏழு புள்ளி ஒன்பது. தினமும் மீன் சாப்பிட்டவரின் எண். எட்டுக்கு மேல் நல்லது, நாலுக்குக் கீழ் போனால் குறைவு, நடுவில் இருப்பது நடுவாந்தரம் என்று எங்கள் பெரிய டாக்டர் அம்மா விளக்கினார். மகளையும் கூட்டி வரச் சொல்லி உயரம், எடை பார்த்தார். செடி உணவில் கிடைக்காத பி-பன்னிரண்டுக்கு மாத்திரை எழுதினார். “நல்லா ஓடியாடுற பொண்ணுதான். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அம்மா கேட்கிற கேள்வியும் தப்பில்ல” என்றார்.

மனைவி கோடு கிழித்தார்: ஆறு. ஆறுக்கு மேல் இருந்தால் வாயைத் திறக்கமாட்டார்.

இப்போது என் படிப்பின் முறை. “ஆளி விதை சாப்பிடுங்கண்ணே. தினமும் ரெண்டு ஸ்பூன். அதுல இருக்கு நீங்க தேடுறது” என்றேன். குப்பியில் பெயர் ஒட்டிக்கொண்டே சொன்னேன். எவ்வளவு ஜோராகச் சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சொல்லாமல் விட்டது என்ன என்று தெரிய நாலு மாதம் ஆயிற்று.

ஏன் நாலு மாதம்? ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய அணுக்கள் போய், புதிய சாப்பாட்டில் வளர்ந்த அணுக்கள் வந்தால்தான் கணக்கு சரியாகத் தெரியும். அதுவரை மின்னல் அண்ணன் பருப்பு, பயறு, கீரை, ரொட்டி, பழம் என்று சாப்பிட்டுக்கொண்டே ஒரு நாளைக்கு ஐம்பது கிலோ மீனை வெட்டினார். சந்தையில் விடுவார்களா? பக்கத்தில் ஐஸ் உடைக்கிறவர்தான் தலைமை வகித்தார்.

“எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்கு மாப்ளே காயுது? புள்ள வேணாம்னா. உனக்கு என்ன வந்துச்சு?”

“எள்ளு எம்புள்ளைன்னா, எலிப்புழுக்கை நானா இருந்துட்டுப் போறேன். நீ ஐஸை உடை.”

இரண்டாம் முறை ரத்தம் கொடுத்தார். முடிவு வந்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார்; சந்தையில் அவருக்குத் தராசு அண்ணி என்று பெயர். அவரை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஒல்லியான தேகம், குரல் மட்டும் நாலு ஆளுக்குச் சமம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அன்று குரலே எழவில்லை. காகிதத்தில் நாலு புள்ளி மூன்று என்று இருந்தது.

“ஏழு புள்ளி ஒன்பதுலேருந்து நாலு புள்ளி மூணு,” என்று மெதுவாகச் சொன்னார். காகிதத்தை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தார். “இவரு கெட்டிக்காரரு, தாங்கிக்குவாரு. அதே சாப்பாட்டைத்தானே தம்பி அவளும் சாப்பிடறா? நீங்க படிச்சவங்க, சொன்னா சரியா இருக்கும்னு நம்பினோம். சனிக்கிழமை வரைக்கும் அவ இஷ்டம். ஞாயித்துக்கிழமை மீன்.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் போன பிறகு என் பட்டத்தை யாரோ சுவரிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகச் சந்தைக்கு நடந்தேன்.

நான் அதுவரை மீன் சந்தைக்குள் போனதில்லை. தகரக் கூரை, கீழே ஈரத் தரை, தரை முழுக்க ஓடும் தண்ணீர். நான் நுழைந்த நேரம் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் வந்து இறங்கியது. உடனே இருபத்திநாலு கடையிலும் கத்தியின் முதுகால் தராசுத் தட்டை அடித்தார்கள் பாருங்கள், எனக்குக் காது அடைத்துவிட்டது. நல்ல மீன் வந்தால் அப்படித் தட்டுவது அங்கே வழக்கமாம்.

“அடடே, டிகிரி தம்பி!” என்றார் ஐஸ்காரர். என் புகழ் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

மின்னல் அண்ணன் நிமிரக்கூட இல்லை. முகம் தொங்கியிருந்தது, கை மட்டும் ஓடியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். “அண்ணே, ஒரு நாளாவது விதையை விட்டீங்களா?”

“ஒரு நாள் விடல. எம்பொண்ணு மேல சத்தியம்.”

“வேற என்ன எண்ணெய்ல சமைக்கிறீங்க?”

“எல்லாம் சூரியகாந்தி எண்ணெய்தான். புள்ள இளைச்சிடுவாளோன்னு என் வீட்டுக்காரி பயந்துபோய் எல்லாத்தையும் முக்கி முக்கிப் பொரிக்கிறா.”

அது ஒரு காரணம்தான், ஆனால் இவ்வளவு இறங்காது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறினார். இரைப்பை பிதுங்கி வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னச் சிப்பி, மூடின வாய் மூடினபடி, கட்டைமேல் டக்கென்று விழுந்தது. அவர் அதைச் சுண்டு விரலால் வாளிக்குள் தள்ளினார்.

“பாருங்க, அவசரக்காரன். கடிக்காம முழுங்கியிருக்கான். முழுசா முழுங்கினது முழுசாவே கிடக்குது. இவனுக்கு என்ன பிரயோஜனம்?”

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“அண்ணே... நீங்க அந்த விதையை எப்படி சாப்பிடறீங்க?”

“எப்படின்னா? வாயில போட்டு, ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, மடக்குன்னு முழுங்கிடுவேன். கடிச்சா பல்லுல ஒட்டுது. மருந்துதானே?”

“ரெண்டு ஸ்பூனையும்?”

“ரெண்டு ஸ்பூ...” கத்தி நின்றது. அவர் வாளியில் கிடந்த சிப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் சிப்பியைப் பார்த்தார்.

முதலில் சிரித்தது அண்ணிதான். தராசைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. “ஊருக்கே துண்டு போட்டுக் குடுக்கிறவரு! தன் வாய்க்குப் போற விதையை நறுக்கத் தெரியல! மூணு லட்சம் விதை போயிருக்கும், போன மாதிரியே வெளியவும் போயிருக்கும்!”

“நீ எண்ணினியாக்கும்?”

“நான் ஏங்க எண்ணணும்? டிகிரி தம்பி எண்ணுவாரு!”

தப்பு என்னுடையது. ஆளி விதைக்கு ஓடு கெட்டி. அரைக்காமல் விழுங்கினால் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொன்னேன். “பொடி பண்ணிச் சாப்பிடுங்கன்னு சொல்ல மறந்தது நான்தான் அண்ணி.”

அண்ணியின் சிரிப்பு நின்றது. “அப்ப பொடி பண்ணா ஆறு வந்துடுமா?” தராசு அண்ணி என்று சும்மாவா சொல்கிறார்கள்? முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார்.

பொய் சொல்லலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை தப்பிக்கும். ஆனால் அப்படிச் சொல்வதற்கா ஒன்பது கிலோமீட்டர் மிதித்தேன்? உள்ளதைச் சொன்னேன்.

“ஒமேகா மூணுங்கிறது ஒரு குடும்பம் அண்ணி. மூத்தவ விதையில இருக்கா. நம்ம உடம்பால செஞ்சுக்கவே முடியாதது அவளைத்தான். வாய் வழியாத்தான் வரணும். அவளைப் பொடி குடுத்துடும். இளையவங்க ரெண்டு பேரு மீன்ல இருக்காங்க. மூளையிலயும் கண்ணுலயும் குடியிருக்கிறது கடைக்குட்டி. மூத்தவளை வச்சு உடம்பே இளையவங்களைச் செஞ்சுக்கும், ஆனா ரொம்பக் கொஞ்சமாத்தான். அதுக்கும் சூரியகாந்தி எண்ணெய் போட்டிக்கு வரும். ஒரே தராசு, ரெண்டு வரிசை மாதிரி. ஒரு வரிசையில கூட்டம் ஜாஸ்தின்னா, இன்னொரு வரிசை நகராது. நம்ம பரிசோதனை எண்ணுறது இளையவங்களைத்தான்.”

“அப்ப இளையவங்க மீன்ல மட்டும்தான்னு சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க.”

ஐஸ்காரர் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: “முடிஞ்சது கதை. ஞாயித்துக்கிழமை மீனு.”

மின்னல் அண்ணன் மட்டும் கத்தி முனையால் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“தம்பி, மீனுக்கு அது எங்கேருந்து வருது?”

“சின்ன மீனைத் தின்னு.”

“சின்ன மீனுக்கு?”

“அதைவிடச் சின்னதைத் தின்னு.”

“அதுக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் துள்ளித் திரும்பி, விரல் நீளத்தில் ஒரு பொடி மீனைக் கூடையிலிருந்து எடுத்து, ஒரே கீறலில் வயிற்றைப் பிளந்து, கத்தி நுனியால் உள்ளே இருந்ததை வழித்துக் கட்டையில் தடவினார். பச்சையாக ஒரு தீற்று. வெற்றிலைச் சாறு மாதிரி அடர்த்தியான பச்சை.

“இது! இதுதானே? எல்லாத்துக்கும் அடியில இந்தப் பச்சைதானே?”

“அதேதாண்ணே! பாசி! கண்ணுக்குத் தெரியாத பாசி. மீன் சொந்தமா செஞ்சுக்கிறது சொற்பம். முக்காவாசியும் பாசி செய்யறது, கை மாறிக் கை மாறி மேல வருது. அந்தப் பாசியைத் தொட்டியில வளர்த்து எண்ணெய் எடுக்கிறாங்க. அதுல இளையவங்க இருக்காங்க!”

என் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். அவருடைய சத்தம் அதைவிடப் பெரிசு. “இருபத்திரெண்டு வருஷம்! தினமும் வழிச்சு வழிச்சு வாளியில கொட்டறேன்! அசலை வாளியில கொட்டிட்டு நகலை நிறுத்து வித்திருக்கோம்டி!”

“ஏங்க, நம்ம சரக்கை நாமளே நகல்னு கத்தாதீங்க, ஆளுங்க வாங்க வந்திருக்காங்க!” என்று அண்ணி அதட்டினார். ஆனால் அவரும் குனிந்து அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தார். பர்ஸிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து ஈரம் படாத இடமாகப் பார்த்து விரித்தார். “இன்னும் நாலு மாசம். அதான் கடைசி. கோடு அதே ஆறுதான்.”

ஐஸ்காரர் விடவில்லை. “ஆறு தாண்டிட்டா, ஒரு வாரம் இவன் திங்கிறதையே நானும் திங்கிறேன். பந்தயம்!” மறுநாள் காலை ஒரு வாளி நிறைய குட்டைப் பாசியைக் கொண்டுவந்து கட்டைமேல் வைத்தாராம். “இந்தா மாப்ளே, உன் சாப்பாடு.” அதைச் சாப்பிடக் கூடாது என்று நான் தனியாக ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. மின்னல் அண்ணன் இருந்த வேகத்துக்கு நம்ப முடியாது.

பெரிய டாக்டர் அம்மா பாசி எண்ணெய்க்கு அளவு எழுதினார், அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அண்ணன் ஓடிப்போய் மாத்திரை டப்பாவை வாங்கி வந்து மேசையில் வைத்தாராம். மகள் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறாள்.

“அப்பா, உள்ள இருக்கிறது பாசி. வெளிய இருக்கிற உறை ஜெலட்டின்னு போட்டிருக்கே. அது எதுல செய்யறது?”

அதைக் கேட்கத்தான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மாட்டுத் தோல், எலும்பு, சில சமயம் மீன் தோல் என்று நான் சொன்னதும் அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். “கடல் முழுக்கச் சுத்திட்டு வாசப்படியில மீன் நிக்குது பாருங்க!” டப்பா கடைக்கே திரும்பிப் போனது. மூன்றாவது கடையில் சொட்டுச் சொட்டாக விடுகிற குப்பி கிடைத்தது.

அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். இரண்டே அறை. சமையலறை ஜன்னலில் மூன்று பேருடைய ஏப்ரன்களும் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது சின்ன ஏப்ரன், பூப்போட்டது. மகள் அதைக் கட்டிக்கொண்டு காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன மிஷினில் ஆளி விதையை அரைத்தாள். பொடியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைத்தாள். பொடி வெளியில் கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும், அடுப்பில் காய்ச்சினால் சத்து போகும் என்று நான் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு முறை படித்துக் காட்டினேன். பொரிப்பது குறைந்து, வேகவைப்பது கூடியிருந்தது. மேசையில் அக்ரூட் கிண்ணம் ஒன்று வந்திருந்தது.

குப்பியைத் திறந்து மகள் தன் சாப்பாட்டில் முதல் சொட்டு விட்டாள். குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, இதுல உன் வாசனை வருது.”

அண்ணி சட்டென்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. மின்னல் அண்ணன் தன் கையை முகர்ந்து பார்த்தார், குப்பியை முகர்ந்து பார்த்தார். “ஆமாம்ல!” என்றார். “பிடிக்கலையா கண்ணு?”

“பிடிக்குது. உன் வாசனைதானே?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நாலு மாதம் ஓடியது. மூன்றாம் முறை ரத்தம் எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவையும் சுவரைத்தான் பார்த்தார். ஆனால் விசில் அடித்துக்கொண்டு பார்த்தார். அடுத்த பத்து நாளும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் சொந்தப் பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. பத்தாம் நாள் காலை முடிவு வந்தபோது, முன்மேசையில் இருந்த அக்காவிடம், “எனக்குக் காட்டாதீங்க, அச்செடுத்து உறையில போட்டு ஒட்டிக் குடுங்க” என்றேன். அவர் ஒட்டினார். என் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. பெரிய டாக்டர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அரைமணி நேரம். ஓடு” என்றார்.

ஓடினேன். வெள்ளைக் கோட்டோடு ரோட்டில் ஓடுகிறவனைப் பார்த்து இரண்டு பேர் யாருக்கோ ஆபத்து என்று வழிவிட்டார்கள்.

சந்தை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள், பள்ளிப் பையோடு. அந்த மீனைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. உள்ளே போகவில்லை, வாசல்படிக்கு ஒரு அடி வெளியே நின்றாள். கையில் உறையோடு நான் வருவதைப் பார்த்து மின்னல் அண்ணன் கத்தியைப் போட்டுவிட்டு வந்தார். அண்ணி தராசில் நிறுத்த மீனை அப்படியே விட்டுவிட்டு வந்தார். “என் மீனு?” என்று கேட்ட வாடிக்கைக்காரரும் பின்னாலேயே வந்தார். ஐஸ்காரர் சுத்தியலோடு வந்தார்.

அண்ணி கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு உறையை வாங்கினார். பிரித்தார். படித்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை படித்தார். வாசல்படி தாண்டி மகளிடம் போய், காகிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

“நீயே படி. சத்தமா.”

“ஆறு...” என்று தொடங்கியவள், எண்ணுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டாள். “ஆறு புள்ளி எட்டு.”

பிறகு ஐஸ்காரர்தான் பக்கத்துக் கடைத் தராசுத் தட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தார். தோற்ற ஆள்தான் முதலில் அடித்தது! அடுத்த கடை தொடர்ந்தது, அதற்கடுத்த கடை, இருபத்திநாலு தட்டும் சேர்ந்து தகரக் கூரையே எழும்பிப் போகிற மாதிரி. ஒரு மீனும் வந்து இறங்கவில்லை. ஒரு எண்ணுக்காகத் தட்டினார்கள். மின்னல் அண்ணன் மகளைத் தூக்கப் போய், தன் கையைப் பார்த்துவிட்டு நின்றார். அவளே ஒரு அடி எடுத்து வைத்து, வாசல்படி தாண்டி, செதிலும் ஈரமுமான அந்த ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னேன்ல, திறக்க மாட்டேன்,” என்றார் அண்ணி. அப்புறம் அரைமணி நேரம் விடாமல் பேசினார்.

ஐஸ்காரர் சொன்ன சொல் தவறாமல் ஒரு வாரம் ஆளிப் பொடியும் வேகவைத்த பயறுமாகச் சாப்பிட்டார். எட்டாம் நாள் இரண்டு மீனைச் சேர்த்துத் தின்று கணக்கை நேர் செய்தார். பொடியை மட்டும் விடவில்லை. மலச்சிக்கல் போச்சாம், அதை ஊரெல்லாம் சொல்கிறார்.

இப்போது இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மின்னல் அண்ணன் அதே பதினோராம் எண் கடையில் மீன் வெட்டுகிறார்; மீன் சாப்பிடுவதில்லை. போன மாதம் எடுத்ததில் எண் ஏழு. அண்ணி மீன் விற்கிறார், சாப்பிடவும் செய்கிறார். மகளுக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவைவிட இரண்டு விரல் உயரம். பெரிய டாக்டர் அம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். மூன்று பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.